கப்பல் கட்டிலும் நாரி நோவும்

கேள்வி: எனக்கு வயது 61. ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளியில் இருக்கிறேன். மூன்று வருடமாக நாரி நோ, அதாவது கீழ்முதுகு வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4–எல்5 டிஸ்க் (நாரிப் பகுதியில் 4ஆம், 5ஆம் முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற தட்டு) பிதுங்கி வலக்கால் நரம்பில் முட்டுகிறது என்றார்கள். சில நாள் வலி கெண்டைக்கால் வரை இறங்கும். கால் சோரவில்லை. இரவில் நரம்பு வலிக்குப் பிரிகபலின் 75 மில்லிகிராம், காலையில் பிரஷருக்கு லொசார்ட்டன். இரண்டு வருடமாகச் சீமெந்துத் தரையில் பாய் விரித்துத்தான் படுக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகன் வரும் டிசம்பரில் என்னையும் அவருடைய அப்பாவையும் நாலு இரவு கப்பல் பயணம் கூட்டிப்போகிறார்: சிங்கப்பூர், பினாங்கு, பூக்கெட், திரும்பவும் சிங்கப்பூர். மெத்தையில் படுத்தால் விடிய எழும்ப ஏலாமல் போகும் என்று பயமாக இருக்கிறது. கபின் தரையில் பாய் போட்டுப் படுக்கலாமா? மகன் இரண்டு கபின் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று 12ஆம் தளத்தில் கப்பலின் முன்பக்கம், பல்கணியோடு. மற்றது 6ஆம் தளத்தில் நடுவில், ஜன்னல் இல்லாதது. எது நல்லது? இடுப்புப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு படுக்கலாமா? சூடு பிடிக்கும் மின்சாரப் பையும் சத்திக் குளிசையும் கொண்டு போகலாமா?

இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) பதில்:

டீச்சர், முதலில் பாய் விஷயத்தை முடித்துவிடுவோம். கபின் தரையில் படுக்க வேண்டாம். அங்கே தரை என்பது உருக்குத் தளத்தின் மேல் ஒட்டிய மெல்லிய கம்பளம். கப்பல் ஓடும்போது இயந்திரத்தின் அதிர்வு அந்த உருக்கு வழியாக வரும். கட்டிலில் படுத்தால் மெத்தை அதில் பெரும்பங்கை விழுங்கிக்கொள்ளும், தரையில் படுத்தால் நேரே இடுப்பு எலும்பில் ஏறும். ஏசிக் குளிரும் கீழேதான் தங்கும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர் நடக்கும் இடைவெளிதான் இருக்கும், அதில் நீங்கள் படுத்தால் இரவில் உங்கள் வீட்டு ஐயா எழும்பும்போது உங்களில் தடுக்குவார். அவசர மணி அடித்தால் அதுவேதான் வெளியேறும் வழி. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், தரையிலிருந்து எழும்புவது. வீட்டில் சுவரைப் பிடித்து, முழங்காலூன்றி, முன்னால் குனிந்து எழும்புவீர்கள். பிரிகபலின் மயக்கத்தில், இருட்டில், ஆடும் தளத்தில் அதைச் செய்யும்போதுதான் பிதுங்கிய டிஸ்க் இன்னும் பிதுங்கும்.

இனி, தரைதான் நாரிக்கு நல்லது என்ற எண்ணம். ஊரில் எல்லாரும் சொல்வதுதான், அதில் பாதி உண்மையும் இருக்கிறது. நடுவில் குழி விழுந்த பழைய இலவம்பஞ்சு மெத்தையைவிடத் தரை மேல். குழி மெத்தையில் இடுப்பு தாழ்ந்து, முள்ளந்தண்டு இரவு முழுக்க வளைந்து கிடக்கும். உங்களுக்கும் அப்படி ஒரு மெத்தையிலிருந்து இறங்கியதும் சுகம் தெரிந்திருக்கும். அதற்காக இறுக்கம் கூடக்கூட நல்லது என்று ஆகிவிடாது. ஸ்பெயினில் நாட்பட்ட நாரி நோ உள்ள 313 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. பாதிப் பேருக்கு இறுக்கமான மெத்தை, மற்றப் பாதிக்கு நடுத்தர இறுக்க மெத்தை. 90 நாளின் பின் பார்த்தபோது படுக்கையில் வலியும், எழும்பும்போது வலியும், அன்றாட வேலையில் முடியாமையும் நடுத்தர மெத்தைக்காரருக்கே கூடுதலாகக் குறைந்திருந்தன. சீமெந்துத் தரை அந்த இறுக்கமான மெத்தையையும் தாண்டியது. பக்கவாட்டில் படுக்கும்போது தோளும் இடுப்பும் உள்ளே அமிழ இடமில்லாததால் இடை தொங்கி நிற்கும், உடம்பு அடிக்கடி புரளும்.

கப்பலில் நாரியை நோகவைப்பது மெத்தையின் மென்மை என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பு தன்னையே இறுக்கிப் பிடிப்பதாலும் அது வரலாம். பெரிய கப்பல் பதினைந்து, இருபது வினாடிக்கு ஒருமுறை மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்து நிமிரும். நீங்கள் உறங்கினாலும் முதுகின் இரு பக்கத் தசையும் உருண்டு விழாமல் இருக்க ஒவ்வொரு சாய்வுக்கும் இறுகக்கூடும். பழகாத கட்டில் என்றால் இன்னும் இறுகும். ஏழு மணித்தியாலம் இப்படி வேலை செய்த தசை காலையில் பலகைபோல இருக்கும். அதனால் நாம் தேட வேண்டியது, உடம்பு தன்னைப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லாதபடி எல்லாப் பக்கமும் அணை கொடுத்த படுக்கை. அதை உப்புவெளியிலேயே பழகிக்கொண்டு போக வேண்டும்.

பழகுவதற்கு மூன்று கிழமை ஒதுக்குங்கள். இரண்டு வருடம் தரையில் கிடந்த உடம்பை ஒரே இரவில் மெத்தையில் போட்டால் நோகத்தான் செய்யும். அதைப் பார்த்து ‘மெத்தை எனக்கு ஒத்துவராது’ என்று முடிவு கட்டிவிடுவீர்கள். கட்டிலில் பலகை நேராக இருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த பலகை இருந்தால் மாற்றுங்கள். அதன் மேல் குழி விழாத தும்பு மெத்தை, அதற்கு மேல் 3 முதல் 5 சென்றிமீற்றர் தடிப்பான ஸ்பொஞ்ச் விரிப்பு. முதல் கிழமை இரவின் முதல் இரண்டு, மூன்று மணித்தியாலம் மட்டும் கட்டில், பிறகு விரும்பினால் பாய். இரண்டாம் கிழமை பாதி இரவு. மூன்றாம் கிழமை முழு இரவு. முதல் நாலைந்து நாள் நாரியில் ஒரு அலுப்பு தெரியும், அது இருக்கட்டும். கவனிக்க வேண்டியது வலி எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை. காலில் இருந்த வலி சுருங்கி நாரியில் மட்டும் நின்றால், நாரியில் சற்றுக் கூடினாலும் நல்ல அறிகுறி. நாரி சுகமாகி வலி கெண்டைக்கு இறங்கினால் கெட்ட அறிகுறி, அந்தக் கிடை உங்களுக்கு ஆகாது. இந்த ஒரு அளவுகோலைக் கப்பலிலும் மறக்க வேண்டாம். எந்தத் தலையணை, எந்தப் பக்கம், எவ்வளவு நடை என்பதை எல்லாம் இதைக் கொண்டே தீர்மானிக்கலாம்.

மெத்தை சரியா என்று பார்க்க மல்லாந்து படுத்து, உள்ளங்கையை இடுப்புக்குக் கீழே நுழையுங்கள். கை காற்றில் போவதுபோல் போனால் படுக்கை இறுக்கம் கூட. நுழையவே முடியாவிட்டால் நீங்கள் அமிழ்ந்துவிட்டீர்கள். உரசிக்கொண்டு போனால் சரி. பிறகு இடப்பக்கம் சரிந்து படுங்கள், ஐயா பின்னால் நின்று பார்க்கட்டும். பிடரியிலிருந்து வால் எலும்பு வரை ஒரு நேர்கோடு தெரிய வேண்டும். கோடு இடையில் தாழ்ந்தால், ஒரு கைத்துவாயை 3, 4 சென்றிமீற்றர் தடிப்புக்கு மடித்து இடைக்குக் கீழே வையுங்கள். இடுப்பு அகன்ற பெண்களுக்கு இந்தத் துவாய் மடிப்பு கைகொடுக்கும் அளவுக்கு விலைகூடிய மெத்தைகூடக் கைகொடுப்பதில்லை.

இனி கபின். 6ஆம் தளத்தின் நடுக் கபினைத் தயங்காமல் எடுங்கள். கப்பலின் ஆட்டம் ஒரு சீசோப் பலகை போன்றது, நடுவில் குறைவு, நுனியில் கூட. பக்கவாட்டுச் சாய்வும் உயரம் போகப் போகக் கூடும். சாய்வைக் குறைக்கக் கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் சிறகுகள் உண்டு. ஆனால் முன்னும் பின்னும் ஏறி இறங்கும் அசைவை அவற்றால் அடக்க முடியாது. 12ஆம் தளத்து முன்பக்கக் கபின் இந்த இரண்டு அசைவுக்கும் மோசமான மூலை. ஒவ்வொரு ஏற்றத்திலும் உடம்பு மெத்தைக்குள் அழுந்தும், இறக்கத்தில் லேசாகும். டிஸ்க்குக்கு அது இரவு முழுக்க மெல்ல அமுக்கி விடுவதுபோல. துறைமுகத்தில் கட்டும் நேரம் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் முன்பக்கத்துத் துணை உந்திகளும் நங்கூரச் சங்கிலியும் விடியற்காலை எழுப்பியும் விடும். நடுக் கபினில் இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய கப்பல்கள் 300 மீற்றர் நீளத்தையும் தாண்டும், நடுவில் இருந்தால் சாப்பாட்டு மண்டபத்துக்கும் அரங்குக்கும் பாதித் தூரமே நடை.

பணம் கட்டும் முன் மகன் தளப் படத்தில் மூன்று விஷயம் பார்க்கட்டும். கபினுக்கு மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் கபின்களே இருக்க வேண்டும். மேலே சமையலறையோ நீச்சல் தடாகமோ என்றால் விடியமுன் கதிரை இழுக்கும் சத்தம், கீழே நடன மண்டபம் என்றால் நள்ளிரவு வரை தாளம். லிப்டுக்கு ஒட்டிய கபின் வேண்டாம். கப்பல்காரரே பிறகு கபினைத் தீர்மானிக்கும் மலிவுக் கட்டணத்தை எடுக்கவே வேண்டாம். அதில் முன்மூலையே உங்கள் தலையில் விழக்கூடும். நாரி நோக்காரருக்குப் பல்கணிக்குக் கொடுக்கும் காசைவிட இடத்தைத் தெரிவுசெய்வதற்குக் கொடுக்கும் காசு பலன் தரும்.

டிசம்பரில் வாடைக் காற்றில் நம் பக்கக் கடல் புரள்வதைப் பார்த்தே வாழ்ந்தவர்களுக்கு, அதே மாதத்தில் கப்பலா என்ற பயம் இயல்பு. மலாக்கா நீரிணைக்கு ஒருபுறம் சுமாத்திரா, மறுபுறம் மலாய்த் தீபகற்பம். அந்தக் காற்றை நிலம் மறித்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் நம் கிழக்குக் கடல் அடங்கிக் கிடப்பதுபோல, பூக்கெட் பக்கத்து அந்தமான் கடலுக்கு டிசம்பர்தான் அடங்கும் காலம். மே முதல் ஒக்டோபர் வரை என்றால் பதில் வேறாக இருந்திருக்கும். மகன் தெரிவுசெய்த வழியும் மாதமும் நல்லவை.

கட்டில். கப்பல் கபின்களில் அநேகமாக இரண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்து இரட்டைக் கட்டில் ஆக்கியிருப்பார்கள். மேலே ஒரே விரிப்பு, உள்ளே நடுவில் ஒரு பள்ளக் கோடு. கப்பல் சாயும்போது இரண்டு பேரும் அந்தக் கோட்டுக்குச் சரிவீர்கள், இடுப்பு அதில் இறங்கும். பயணப் பதிவிலேயே ‘இரண்டு தனிக் கட்டில்’ என்று எழுதிவிடச் சொல்லுங்கள். ஐயா புரளும் அசைவும் உங்களுக்கு வராது, எழும்பும்போது கையூன்ற உறுதியான விளிம்பும் கிடைக்கும். சோபாவைக் கட்டிலாக விரித்ததும் சுவரிலிருந்து இறங்கும் மேல்கட்டிலும் உங்களுக்கல்ல. சோபாக் கட்டிலில் நடுக்கம்பி நேரே நாரிக்குக் கீழே வரும்.

கப்பலேறியதும் முதல் வேலையாகக் கபின் உதவியாளரைக் கண்டு, ‘மெட்ரஸ் டொப்பர்’ ஒன்று கேளுங்கள். மெத்தைக்கு மேல் விரிக்கும் ஸ்பொஞ்ச் விரிப்பு அது. பல கப்பல்களில் வைத்திருப்பார்கள், ஆனால் அளவோடுதான். இரவு பத்து மணிக்குக் கேட்டால் முடிந்திருக்கும். அது இல்லையென்றால் தடித்த போர்வை இரண்டை நீளவாக்கில் மடித்து விரிப்புக்குக் கீழே போடச் சொல்லுங்கள். மெத்தை குழிந்திருந்தால் மேலே எதை விரித்தும் பயனில்லை, குழி அப்படியே மேலே வரும். மெத்தையையே மாற்றித் தரும்படி கேளுங்கள், அல்லது ஐயாவின் கட்டிலோடு மாற்றிப் பாருங்கள். சோதிப்பது பின்னேரமே நடக்கட்டும். வீட்டில் செய்த அதே உள்ளங்கைச் சோதனை போதும்.

மேலதிகத் தலையணை மூன்று கேளுங்கள், துவாயும் இரண்டு. இவற்றை அடுக்கும் முறையில்தான் இரவு தங்கியிருக்கிறது. வலக்கால் வலி உள்ள நீங்கள் பெரும்பாலும் இடப்பக்கம் படுப்பது சுகமாக இருக்கும். இரு முழங்காலையும் சற்று மடித்து நடுவே ஒரு தலையணை. அது முழங்காலோடு நின்றால் போதாது, கணுக்கால் வரை நீள வேண்டும். பாதம் கீழே தொங்கினால் தொடை உள்ளே திரும்பி, இடுப்பும் திரும்பி, நரம்பு இழுபடும். முழங்கால் நடுவே வைத்தும் சரிவரவில்லை என்பவர்களில் அநேகர் செய்யும் பிழை இது. தலைக்கு வைப்பது தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம். முதுகுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு தலையணை, வயிற்றுக்கு முன்னால் ஒன்றைக் கட்டிப்பிடிக்க. இந்த இரண்டும்தான் கப்பல் சாயும்போது உங்களுக்குப் பதிலாக வேலை செய்பவை. மல்லாந்து படுக்கும் நேரம் முழங்காலுக்குக் கீழே 15 முதல் 20 சென்றிமீற்றர் உயரத்துக்குத் தலையணையோ சுருட்டிய போர்வையோ. குப்புறப் படுத்து உறங்க வேண்டாம்.

ஆட்டம் கூடிய இரவென்றால் மாலுமிகள் கையாளும் வழி ஒன்று இருக்கிறது. கட்டில் சுவரோரம் இருந்தால், வெளிவிளிம்பில் மெத்தைக்குக் கீழே ஒரு போர்வையை நீளமாகச் சுருட்டிச் செருகுவது. மெத்தை சுவர்ப்பக்கம் சற்றுச் சரிந்து, சுவரும் மெத்தையும் சேர்ந்து ஒரு தொட்டில் ஆகும். உடம்பு அதில் அமர்ந்துவிடும், உருளாது. மாலுமிகள் இதற்கு உயிர்காப்பு அங்கியைச் செருகுவதுண்டு. நீங்கள் அதைத் தொட வேண்டாம், அது வைத்த இடத்திலேயே இருக்கட்டும். சுருள் கைமணிக்கட்டுத் தடிப்பைத் தாண்டவும் வேண்டாம். சரிவு கூடினால் முள்ளந்தண்டு திருகும்.

கட்டிலுக்குப் போவதும் இறங்குவதும் உறக்கத்தைவிடக் கெடுதல் செய்யக்கூடியவை. விளிம்பில் உட்கார்ந்து, முழங்கையையும் கையையும் ஊன்றிப் பக்கவாட்டில் சாயும்போதே இரு காலையும் சேர்த்து மேலே தூக்குங்கள். எழும்ப இதையே திருப்பிச் செய்ய வேண்டும். முழங்கால் மடித்து, தோளும் இடுப்பும் ஒரே மரக்கட்டையாகத் திரும்பி, கால்களைக் கீழே விடும் அதே வேளை கையால் தள்ளி எழும்புங்கள். மல்லாந்த நிலையிலிருந்து நேரே நிமிர்ந்து எழும்புவது டிஸ்க்கில் பெரிய அமுக்கம் கொடுக்கும். பெட்டி வைக்க இடம் விடுவதற்காகக் கப்பல் கட்டில் சற்று உயரமாகவே இருக்கும். உங்கள் கால் தரையில் முட்டாவிட்டால் விளிம்புக்கு நகர்ந்து, இரு பாதமும் பதிந்த பின் எழும்புங்கள். குதித்து இறங்க வேண்டாம். உட்கார்ந்து ஒரு நிமிடம் பொறுப்பதும் அவசியம். பிரிகபலினும் லொசார்ட்டனும் எழும்பிய உடனே தலையைச் சுற்ற வைக்கலாம், கப்பல் ஆட்டமும் சேர்ந்தால் விழுத்திவிடும்.

கழிவறை வாசலில் ஒரு படி உயரத்துக்கு வரம்பு இருக்கும். ஜன்னலில்லாத கபின் விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. பற்றரியில் எரியும் சிறு இரவு விளக்கு ஒன்று கொண்டுபோய் அந்த வரம்பருகே வையுங்கள். பின்வார் உள்ள, வழுக்காத செருப்பு கட்டிலடியில் இருக்கட்டும். கபின் சுவர்கள் பெரும்பாலும் உருக்கு என்பதால் காந்தக் கொளுக்கி ஒட்டும். நாலைந்து வாங்கிப் போனால் கைப்பை, சால்வை, துவாய் எல்லாம் இடுப்புயரத்தில் தொங்கும், குனியும் வேலை மிச்சம். கட்டிலடிப் பெட்டியை இழுக்கும் வேலை நாலு நாளும் ஐயாவுடையது.

விடிந்து முதல் ஒரு மணித்தியாலம் குனிய வேண்டாம். இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி ஊதியிருக்கும், நாம் காலையில் ஒரு சென்றிமீற்றரளவு உயரமாக இருப்பதும் அதனால்தான். ஊதிய டிஸ்க் குனியும்போது பின்பக்கம் பிதுங்கும் விசை கூட. விடியற்காலைக் குனிவைத் தவிர்த்தவர்களுக்கு நாட்பட்ட நாரி நோ குறைந்ததை 1998இல் வந்த ஓர் ஆய்வும் காட்டியது. முகம் கழுவும்போது ஒரு கையை விளிம்பில் ஊன்றி முழங்காலை மடியுங்கள். காலுறை, சப்பாத்து எல்லாம் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. கட்டிலை விட்டு இறங்குமுன் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் 20 தரம், ஒவ்வொரு முழங்காலாகப் பாதி மடித்து நீட்டுவது 10 தரம், அது போதும். குப்புறப் படுத்து முழங்கையூன்றி ஒன்றிரண்டு நிமிடம் இருப்பது சிலருக்குக் கால்வலியை மேலே இழுக்கும், சிலருக்கு இறக்கிவிடும். அதை உங்களைப் பார்க்கும் இயன்மருத்துவர் முன்னிலையில் ஊரிலேயே செய்து பாருங்கள். கப்பலில் முதல்முறை வேண்டாம்.

சூடு பிடிக்கும் மின்சாரப் பையை வீட்டில் விட்டுவிடுங்கள். தீ அபாயம் கருதி, சூடேறும் மின்கருவிகளைக் கப்பல்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை, ஏறும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். றப்பர் சுடுதண்ணிப் பை கொண்டு போகலாம். உணவு மண்டபப் பணியாளரைக் கொண்டே நிரப்புங்கள், ஆடும் இடத்தில் நீங்கள் ஊற்ற வேண்டாம். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், மிச்சக் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, துவாயில் சுற்றி, நாரியில் 15 முதல் 20 நிமிடம். வைத்தபடி உறங்கிவிடக் கூடாது. மரத்துப்போன கால் பகுதியில் வைக்கக் கூடாது, சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். சித்தாலேப தைலம் பூசிய இடத்திலும் அதே கவனம் வேண்டும். தைலத்துக்கு மேல் சூடு வைத்துக் கொப்புளம் போடுவது அடிக்கடி நடக்கும். ஏசியை 24, 25 பாகையில் வைத்து, நீளக்கை உடுப்பும் காலுறையும் போட்டால் பாதி இறுக்கம் வராது.

பெல்ட்டைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டாம். படுத்திருக்கும்போது அதற்கு வேலை இல்லை, மூச்சையும் இரைப்பையையும் நெரிக்கும், புரளும்போது விளிம்பு தோலை உரசும். வேனில் வரும்போதும், கப்பலேறும் வரிசையில் நிற்கும்போதும் ஓரிரு மணித்தியாலம் கட்டலாம்.

சத்திக் குளிசையில்தான் எனக்குக் கூடிய கவலை. சினரிசின், டைமென்ஹைட்ரினேற், புரோமெதசின் எல்லாமே மயக்கம் தருபவை. பிரிகபலினும் மயக்கம் தரும். 61 வயதில் இரண்டும் சேர்ந்தால் இரவில் கழிவறைக்குப் போகும்போது விழும் வாய்ப்புக் கூடும். அந்த வழியில், அந்த மாதத்தில், நடுக் கபினில் உங்களுக்குக் குளிசை தேவைப்படாமலே போகலாம். வேண்டுமென்று உங்கள் டொக்டர் எழுதித் தந்தால், எந்த அளவு, பிரிகபலினோடு எத்தனை மணி இடைவெளி என்று அவரிடமே கேட்டு, ஒரு இரவு வீட்டில் போட்டுப் பாருங்கள். டைக்ளோபெனாக், இபுபுரோபென் வகை வலிக்குளிசையும் அப்படித்தான். லொசார்ட்டன் எடுப்பவர் சத்தியெடுத்து நீர் வற்றிய நேரத்தில் அதைப் போட்டால் சிறுநீரகம் தாங்காது. பனடோல் (பரசிற்றமோல்) பாதுகாப்பானது, அளவு தாண்டாமல். கோடீன் கலந்த வலிக்குளிசையும் டயஸபாம் போன்ற தூக்கக்குளிசையும் சிங்கப்பூருக்குள் கொண்டு போவதற்குக் கட்டுப்பாடு உண்டு. யாரும் கைமாற்றாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். உங்கள் குளிசைகளைப் பெயரொட்டிய உறையிலேயே, டொக்டர் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள். துறைமுகத்தில் கொடுக்கும் பெரிய பெட்டி கபினுக்கு வந்துசேரச் சில மணித்தியாலம் ஆகும், இரவுக் குளிசை அதற்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இரவு எப்படிப் போகும் என்பதில் பகலுக்கும் பெரிய பங்கு. மேல்தளத்துச் சாய்வுக் கதிரையில் நாரி குழிந்து கிடக்கும், டிஸ்க் பிதுங்கியவருக்கு அது மிகக் கெட்ட இருக்கை. உணவு மண்டபத்து நிமிர்ந்த கதிரையே நல்லது, நாரிக்குப் பின்னால் சுருட்டிய துவாயோடு. அரங்கில் ஓரக் கதிரை எடுத்து அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்புங்கள். பத்து நிமிட நடை, நாளுக்கு மூன்று, நாலு தரம். பூக்கெட்டில் தீவு பார்க்க வேகப் படகில் ஏறவே கூடாது. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் எஞ்சின் படகு அலையில் அடிப்பது தெரியுமே, அதே அடி, இன்னும் வேகமாக. ஒவ்வொரு அடியும் உட்கார்ந்திருக்கும் டிஸ்க்கில் நேரே விழும். அங்கே சில கப்பல்கள் கரையில் கட்டாமல் வெளியே நின்று சிறு படகில் ஆட்களை இறக்கும். அப்படியென்றால் தாண்டிக் கால்வைக்கும் நேரம் பணியாளர் இருவரின் கையைப் பிடித்தே இறங்குங்கள். கடல் ஏறி இறங்கினால் அன்று கப்பலிலேயே இருங்கள்.

கப்பலுக்கு முன் உள்ள வழிதான் பலரைச் சாய்த்துவிடுகிறது. திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்க வரை வேனில் ஐந்து, ஆறு மணித்தியாலம், பிறகு விமானத்தில் நாலு மணித்தியாலம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ள, குருநாகல் என்று நிறுத்தி ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும், தேத்தண்ணி குடிக்காவிட்டாலும். முன் இருக்கையைச் சற்றுச் சாய்த்து உட்காருங்கள். விமானத்தில் நடைவழி ஓர இருக்கை. விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் சக்கரக் கதிரை உதவி முன்கூட்டியே கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, வரிசையில் ஒரு மணித்தியாலம் நிற்பது உங்கள் முதல் இரவைப் பறித்துவிடும். கப்பலுக்கு ஒரு நாள் முன்பே சிங்கப்பூர் சேர்ந்து மகன் வீட்டில் ஒரு இரவு உறங்குங்கள்.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது நாரி நோவையும் பிரஷரையும் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் பிறகு காசு தரமாட்டார்கள். கப்பலில் டொக்டரும் தாதிமாரும் இருப்பார்கள், எம்.ஆர்.ஐ.யும் முள்ளந்தண்டு சத்திரசிகிச்சையும் இருக்காது. அதனால் இதை ஐயாவும் மகனும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: சலம் போக முடியாமல் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, இருக்கும் இடமும் தொடை உட்பக்கமும் மரத்தாலோ, இரு காலும் சோர்ந்தாலோ, பாதம் தூக்க வராமல் இழுபட்டாலோ விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. அந்த நேரமே கப்பல் மருத்துவ நிலையத்துக்குச் சொல்லி, அடுத்த துறைமுகத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நரம்புக் கற்றை நெரிபடும் நிலை அது, மணித்தியாலங்கள்தான் கணக்கு.

மூன்று கிழமைப் பழக்கத்தை இந்த மாதமே தொடங்குங்கள், கப்பலுக்கு மீதிப் பணம் கட்டும் கடைசி நாளை மகனிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்துவிட்டு. அந்த நாளுக்குள் முழு இரவும் கட்டிலில் உறங்கி, காலையில் வலி காலுக்கு இறங்காமல் எழும்ப முடிந்தால் பணத்தைக் கட்டச் சொல்லுங்கள். வலி கெண்டைக்கு இறங்கிக்கொண்டே இருந்தால், எந்தக் கிடையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் இறங்கியது என்று மூன்று நாள் ஒரு கொப்பியில் எழுதி, எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு உங்கள் டொக்டரிடம் காட்டுங்கள். பணம் கட்டலாமா என்பதை அதற்குப் பிறகு முடிவெடுக்கலாம்.